கோள் என்றால் பிடி: பூம்பாறை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வரும் வழியில் எங்கள் வீடு. மேல்தளத்தில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். மாடியில் ஓர் ஆறு அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. பனி இறங்காத இரவுகளில் குல்லாவும் சால்வையுமாக எல்லோரும் அங்கே கூடுவோம். வந்தவர்கள் சனியின் வளையத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அதற்கு அடுத்த நிமிஷம் வரும் கேள்வி, பத்துக்கு ஏழு தடவை, வானத்தைப் பற்றியதாக இருக்காது. சொல்லைப் பற்றியதாக இருக்கும். "இதுக்கு ஏங்க கோள்னு பேரு?" நான் படித்தது தமிழ் இலக்கியம், தொலைநோக்கி பிற்பாடு வந்த பைத்தியம். அதனால் இந்தக் கேள்வி எனக்கு அலுப்பதில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டே சொன்னதை எல்லாம் இங்கே சாவகாசமாக எழுதி வைக்கிறேன்.

"கோள்" என்ற சொல் எதிலிருந்து வந்தது?

"கொள்" என்ற வினையிலிருந்து. பெறு என்பது பேறு ஆகிறது, கெடு என்பது கேடு, சுடு என்பது சூடு. முதல் எழுத்து நீண்டால் வினை பெயராகிவிடும். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவிருக்கலாம். அதே வரிசையில் கொள் என்பது கோள் ஆனது.

கொள்வது என்றால் எடுப்பது, பிடிப்பது, பற்றுவது. இந்தக் கோளை நாம் தினமும் வேறு இடங்களில் வைத்துப் புழங்குகிறோம், கவனிப்பதில்லை. குறித்துக் கொண்டது குறிக்கோள். வேண்டிக் கொள்வது வேண்டுகோள். பிறர் சொல்லிலிருந்து எடுத்துக் கொண்டது மேற்கோள். உறுதியாகப் பற்றிக்கொண்ட கருத்து கோட்பாடு. சங்கப் புலவர்கள் இரை பிடிப்பதில் கெட்டிக்காரப் புலியை "கோள்வல்" என்ற அடையோடு சொல்வார்கள். பிடிப்பதில் வல்ல புலி. வானத்தில் இருக்கும் கோளும் அந்தப் புலி வகைதான்: பிடிப்பது.

எதைப் பிடிக்கிறது? சூரியனிடமிருந்து ஒளியைக் கொள்வதால் கோள் என்று எங்கள் சார் சொன்னாரே?

அழகான விளக்கம். நானும் பள்ளியில் அப்படித்தான் கேட்டேன். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோளறு பதிகத்தில் கோள்களின் பட்டியலே வருகிறது: "ஞாயிறு திங்கள் செவ்வாய் புதன் வியாழம் வெள்ளி சனி பாம்பிரண்டும் உடனே". பட்டியலில் முதல் ஆள் ஞாயிறு. ஒளியைக் கடன் வாங்குவதுதான் கோள் என்றால், கடன் கொடுக்கிறவரே வாங்குகிறவர்கள் வரிசையில் முதலில் எப்படி நிற்பார்?

ஆக, ஒளி கொள்ளும் விளக்கம் பின்னால் வந்த வானியல் அறிவை முன்னால் பிறந்த சொல்லுக்குள் திணிப்பது. பழைய ஆட்கள் நினைத்த பிடி வேறு. அது நம்மைப் பிடிப்பது. பதிகத்தின் பெயரையே பாருங்கள்: கோளறு, அதாவது கோள்களின் தீங்கை அறுப்பது. சம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்படும்போது, நாளும் கோளும் சரியில்லை, இப்போது போக வேண்டாம் என்று அப்பர் தடுத்தாராம். அதற்குப் பதிலாகப் பாடியது என்பது வரலாறு.

எங்கள் மலைக்குக் கீழே பழனியில் படியேறுகிறவர்கள் முணுமுணுக்கும் கந்தரலங்காரத்திலும் இதே எண்ணம்தான். "நாளென் செயும் வினைதானென் செயும் எனை நாடிவந்த கோளென் செயும்" என்கிறார் அருணகிரிநாதர். "நாடிவந்த" என்ற சொல்லை ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். கோள் எங்கோ சுற்றிக்கொண்டு இருக்கவில்லை. முகவரி விசாரித்துக்கொண்டு வருகிறது.

உருண்டையாக இருப்பதால் கோள் இல்லையா? கோளம், பூகோளம் என்கிறோமே?

இல்லை. கோளம் வடமொழியின் "கோல" என்ற சொல்லிலிருந்து வந்தது, பொருள் உருண்டை. பூகோளம் என்றால் பூமி உருண்டை. கொள் என்ற தமிழ் வினைக்கும் அதற்கும் உறவு கிடையாது. தமிழில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் வந்த குழப்பம். கோளரங்கம் என்பது கோள்களின் அரங்கம். அதன் கூரை அரைக்கோளமாக இருப்பது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது, பாவம்.

அப்படியானால் கிரகம்?

இங்கேதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும். வடமொழியில் "க்ரஹ்" என்ற வேருக்குப் பொருள் பிடி, பற்று. அதிலிருந்து வந்த கிரகம் என்றால் பிடிப்பது. கிரகணம் என்றால் பிடித்தல். கோளும் கிரகமும் இரண்டு மொழிகளில் ஒரே சொல்!

அந்த வேர் தமிழ்ப் பேச்சில் எங்கெல்லாம் புகுந்திருக்கிறது என்று எண்ணினால் விரல்கள் போதாது. மனத்தால் பற்றுவது கிரகித்தல். மணமேடையில் கையைப் பிடிப்பது பாணிக்கிரகணம். உண்மையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பது சத்தியாக்கிரகம். குழந்தைகளைப் பிடித்து நோயில் தள்ளுவதாக நம்பப்பட்ட ஆவிகளுக்குப் பாலக்கிரகங்கள் என்று பெயர். அங்கே கிரகத்துக்கும் வானத்துக்கும் சம்பந்தமே இல்லை, வெறும் பிடிதான்.

கிரகம் பிடித்தவன், சனி பிடித்தது என்பதெல்லாம் இதிலிருந்து வந்ததா?

ஆமாம். நம் வினையைக் கவனியுங்கள். பேய் "பிடிக்கும்". சளி "பிடிக்கும்". கிரகணம் "பிடிக்கும்". சனியும் "பிடிக்கும்", அப்புறம் ஒரு நாள் "விடும்". வடமொழி வேரின் பொருள் தெரியாதவர்கள்கூடச் சரியான தமிழ் வினையைத்தான் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பூண்டு மூட்டையோடு நிற்கும் லாரி கிளம்பாதபோது "என் கெரகம்டா சாமி" என்று தலையில் அடித்துக்கொள்ளும் எங்கள் ஊர் டிரைவர் சொல்லாராய்ச்சியே செய்கிறார், அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கிரகப்பிரவேசம்?

அது கிருகப்பிரவேசம். கிருகம் என்றால் வீடு. பத்திரிகை அச்சடிக்கிறவர்கள் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டு, புது வீட்டுக்குள் போக வேண்டியவர்களைச் செவ்வாய்க்கு அனுப்பிவிடுகிறார்கள். புதுமனை புகுவிழா என்று போட்டால் வம்பே இல்லை.

"பிளானட்" என்ற சொல்லுக்கும் பிடிப்பதுதான் பொருளா?

இல்லை, அது வேறு பார்வை. கிரேக்கத்தில் "பிளானெட்டெஸ்" என்றால் அலைகிறவன், நாடோடி. முழுப் பெயர் அலையும் விண்மீன்கள். கிரேக்கர்கள் பார்த்தது என்ன? ராத்திரி வானத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் மொத்தமாகக் கிழக்கிலிருந்து மேற்கே நகர்கின்றன. சில மட்டும் இன்று இந்தக் கூட்டத்தோடு, இரண்டு மாதம் கழித்து அடுத்த கூட்டத்தோடு. ஊர் சுற்றிகள்.

கிரேக்கர் அதன் காலைப் பார்த்தார்கள். நாம் அதன் கையைப் பார்த்தோம். நான் மாடியில் சொல்ல நினைப்பது உண்மையில் இந்த ஒன்றுதான். வெள்ளி என்ற அதே புள்ளியைப் பார்த்து ஒருவன் "எங்கே போகிறது?" என்று கேட்டான், இன்னொருவன் "யாரைப் பிடிக்க வருகிறது?" என்று கேட்டான். இரண்டு பேருமே அது என்ன பொருளால் ஆனது, உருண்டையா தட்டையா, சொந்த வெளிச்சமா கடன் வெளிச்சமா என்று பெயர் வைக்கும்போது கேட்கவில்லை.

அலைகிறது என்றால் தாறுமாறாகவா?

பார்ப்பதற்கு அப்படித்தான். செவ்வாயை வாரம் ஒரு முறை குறித்து வையுங்கள். மாதக்கணக்கில் விண்மீன்களுக்கு ஊடே கிழக்காகப் போகும். சுமார் 26 மாதத்துக்கு ஒரு தடவை தயங்கி நின்று, பின்னோக்கி நடந்து, மறுபடி நின்று, திரும்பக் கிழக்கே போகும். பஞ்சாங்கத்தில் இதற்கு வக்கிரம் என்று பெயர்.

காரணம் எளிது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்னால் ஒரு லாரியும் அதே பக்கம்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. உங்கள் பஸ் அதை முந்தும்போது, தூரத்து மலையைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால் லாரி பின்னால் போகிற மாதிரி இருக்கும். லாரி பின்னால் போகவில்லை. சூரியனைச் சுற்றும் பாதையில் பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடி, வெளிவட்டத்துச் செவ்வாயை முந்துகிறது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள, பூமியும் ஓடுகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கோப்பர்நிக்கஸின் நூல் 1543-ல் வந்தது. அன்றைக்குத்தான் பூமியும் ஊர் சுற்றிகள் கணக்கில் சேர்ந்தது.

சங்க காலத்திலேயே கோள்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். நாள்மீன், கோள்மீன் என்று இரண்டு சொற்கள். பட்டினப்பாலையில் மன்றத்தில் பலர் கூடியிருப்பதை, நாள்மீன்களோடு கோள்மீன்கள் கலந்தது போல என்று புலவர் சொல்கிறார். நாள்மீன் என்பது சந்திரன் ஒவ்வொரு நாளும் தங்கிப் போவதாகக் கணக்கு வைத்த இருபத்தேழு நட்சத்திரங்கள். கோள்மீன் அவற்றுக்கு நடுவே இடம் மாறுவது. உவமை வேலை செய்ய வேண்டுமானால் கேட்கிறவருக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

(மீன் என்பதையும் இதே வகையில் மின் என்ற வேரிலிருந்து நீண்டு வந்ததாகச் சொல்வார்கள். மின்னுவது மீன்.)

புறநானூற்றில் கபிலர், பாரியின் பறம்பு நாட்டைப் பற்றிப் பேசும்போது "மைம்மீன் புகையினும் தூமம் தோன்றினும் தென்திசை மருங்கின் வெள்ளி ஓடினும்" என்று தொடங்குகிறார். மைம்மீன் என்றால் கரிய மீன், சனி. சனி புகைந்தாலும், வால்வெள்ளி தோன்றினாலும், வெள்ளி தெற்கே ஓடினாலும் அங்கே விளைச்சல் குறையாது என்பது பாட்டின் போக்கு. அதாவது இவையெல்லாம் நடந்தால் மழை பொய்க்கும் என்ற பயம் ஊரில் இருந்தது. மறுபடியும் பிடி.

நவக்கிரகத்தில் சூரியன் உண்டு, சந்திரன் உண்டு, இல்லாத ராகு கேது உண்டு. பூமி ஏன் இல்லை?

பிடிக்கிறவர்கள் பட்டியலில் பிடிபடுகிறவர் பெயர் எப்படி வரும்? நாம் நிற்கிற இடம் பூமி. இங்கிருந்து பார்த்தால் நகர்வது மற்றவை எல்லாம். சூரியனும் சந்திரனும் விண்மீன்களுக்கு ஊடே இடம் மாறுகின்றன, ஆகவே அவையும் கோள்கள். கிரேக்கர்களின் ஏழு நாடோடிகளிலும் சூரியனும் சந்திரனும் உண்டு, பூமி கிடையாது.

ராகு கேதுவை "இல்லாதது" என்று தள்ளிவிடாதீர்கள். அவை பொருள்களல்ல, இடங்கள். சூரியன் போகும் பாதைக்குச் சந்திரனின் பாதை ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். அந்தப் புள்ளிகளை ஒட்டி அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால் கிரகணம். பாம்பு விழுங்குவதாகச் சொன்ன கதைக்குள் துல்லியமான ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து ஒரு சுற்று வர 18.6 ஆண்டு. பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஒன்றரை ஆண்டு. ராகு கேது பெயர்ச்சி ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் போஸ்டரில் வருவது இதனால்தான்.

2019 டிசம்பர் 26 அன்று காலை திண்டுக்கல், கோவை, ஊட்டி எல்லாம் கங்கண சூரிய கிரகணத்தின் பாதையில் இருந்தன. உரிய கண்ணாடி போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சூரியன் நெருப்பு வளையல் மாதிரி நின்றதை. அந்தச் சில நிமிஷங்களில் "பிடித்தல்" என்ற சொல் எவ்வளவு பொருத்தம் என்று எனக்குப் பட்டது.

சனீஸ்வரன் என்பதில் ஈஸ்வரன் எப்படி வந்தார்?

வரவில்லை, நாம் கூட்டி வந்தோம். வடமொழிப் பெயர் "சனைச்சரன்". சனை என்றால் மெல்ல, சரன் என்றால் நடப்பவன். மெல்ல நடப்பவன் என்ற பெயர் வாயில் உருண்டு சனீஸ்வரன் ஆனது. நவக்கிரகப் பெயர்களில் காலைப் பார்த்து வைத்த பெயர் இது, கிரேக்கர் பாணி.

நடை எவ்வளவு மெதுவென்றால், சனி சூரியனை ஒரு தடவை சுற்றி வர சுமார் 29 ஆண்டு 5 மாதம். ஒரு ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. பிறந்த ராசிக்கு முந்தையது, பிறந்தது, அடுத்தது என மூன்று ராசிகளைக் கடக்க ஏழரை. இப்போது ஏழரைச் சனி என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டதா? பலன் சொல்வது என் வேலை இல்லை. எண் மட்டும் வானத்திலிருந்து வந்தது.

கிழமைகள் ஏன் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ற வரிசையில் இருக்கின்றன? தூரக் கணக்கா?

இது யாராவது கேட்டால் நான் ஒரு காகிதமும் பேனாவும் கொண்டுவரச் சொல்வேன். ஏழு கோள்களை மெதுவானதிலிருந்து வேகமானது வரை எழுதுங்கள்: சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். ஒவ்வொரு மணி நேரத்தையும் இந்த வரிசையில் ஒவ்வொரு கோள் ஆள்வதாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி ஞாயிறுக்கு, அடுத்தது வெள்ளிக்கு, அப்புறம் புதன், திங்கள், மறுபடி சனி. 24 மணி நேரம் முடிந்து 25-வது மணி யாருக்கு வருகிறது? திங்களுக்கு. அதுதான் மறுநாளின் பெயர். அங்கிருந்து இன்னொரு 24 எண்ணினால் செவ்வாய். 24-ஐ ஏழால் வகுத்தால் மீதி மூன்று. ஒவ்வொரு நாளும் மூன்று இடம் தள்ளிப் போகிறது, வேறொன்றுமில்லை.

அந்த மணி நேரத்துக்குத்தான் ஓரை என்று பெயர். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் பின்பக்கம் பாருங்கள், சுக்கிர ஓரை, குரு ஓரை என்று அட்டவணையே இருக்கும். "ஓரை" கிரேக்கத்தின் "ஹோரா". ஜாதகத்தில் வரும் கேந்திரமும் அவர்களுடைய "கென்ட்ரான்"தான். தினசரி ராகுகாலம் பார்த்துக் கிளம்புகிற என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நல்ல நேரம் யார் சொன்னா என்னடா?" என்று கேட்டார்.

கொடைக்கானல் அப்சர்வேட்டரியில் கோள்களைப் பார்க்கலாமா?

அங்கே முக்கியமாகப் பார்ப்பது சூரியனை. ஆனால் பழைய கணக்குப்படி சூரியன் முதல் கிரகம், ஆகவே நவக்கிரகத்தில் முதல்வரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்!

கதை சென்னையிலிருந்து தொடங்குகிறது. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய மெட்ராஸ் வான் ஆய்வகத்தில், நார்மன் போக்சன் 1861 ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு "ஆசியா" என்றே பெயர் வைத்தார். பிறகு வானியல் வேலைகள் மலைக்கு மாறின. கொடைக்கானல் ஆய்வகம் 1899-ல் செயல்படத் தொடங்கியது. மைக்கி ஸ்மித் முதல் இயக்குநர். ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் இங்கேதான், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர்.

சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற யோசனைக்குப் பின்னால், நம் கிராமங்களில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, 1876-78 பஞ்சம், அதுவும் ஒரு காரணம். சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி அன்று பலமாக எழுந்தது. கபிலரின் மைம்மீனை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏதோ மாறினால் கீழே மழை மாறுமா? கேள்வி அதேதான், இந்தத் தடவை கையில் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி இருந்தது.

புளூட்டோவை ஏன் நீக்கினார்கள்?

"கோள்" என்றால் என்ன என்று முதன்முறையாக விதி எழுதினார்கள், புளூட்டோ விதிக்கு வெளியே நின்றது. 2006 ஆகஸ்ட் 24, பிராக் நகரில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் வாக்கெடுப்பு. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகி இருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கி இருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தோற்று, குறுங்கோள் ஆனது. இதற்காக வருத்தப்படுகிறவர்களிடம் நான் சொல்வது: பட்டியலிலிருந்து வெளியேறியதில் புளூட்டோ முதல் ஆள் இல்லை. சூரியனும் சந்திரனுமே எப்போதோ வெளியேறிவிட்டார்கள். 1801 ஜனவரி 1 அன்று கண்டுபிடித்த சீரீஸ் சில பத்தாண்டுகள் கோளாக இருந்து, அக்கம்பக்கத்தில் அதே மாதிரி நிறைய ஆட்கள் அகப்பட்டதும் சிறுகோளாக இறங்கியது. இந்த விதியில் அலைவதும் இல்லை, பிடிப்பதும் இல்லை என்பதையும் கவனியுங்கள். சொல் அப்படியே இருக்கிறது, உள்ளே இருந்த பொருளைக் காலி செய்து வேறு குடிவைத்துவிட்டார்கள்.

செயற்கைக்கோள் கோளா?

பெயரில் மட்டும். அது பூமியைச் சுற்றும் எந்திரம். நிலா மாதிரி ஒரு கோளைச் சுற்றுவது துணைக்கோள். அதைச் செயற்கையாகச் செய்ததால் செயற்கைத் துணைக்கோள் என்றிருக்க வேண்டும், "துணை" வழியில் உதிர்ந்துவிட்டது. 1975-ல் ஆரியபட்டா மேலே போனபோதே தமிழ்ச் செய்திகளுக்கு நீளப் பெயருக்கு நேரமில்லை.

எழுதும்போது கோள் என்பதா, கிரகம் என்பதா?

பாடநூலில் கோள், கோயிலில் கிரகம் என்று தமிழ்நாடு தானாகவே பங்கிட்டுக்கொண்டது. நான் வானத்தைப் பற்றி எழுதும்போது கோள்தான் போடுவேன். குட்டையான சொல், துணைக்கோள், சிறுகோள், குறுங்கோள் என்று ஒட்டு வைக்கவும் வசதி. ஆனால் வேற்றுக்கிரகவாசியை வேற்றுக்கோள்வாசி என்று யாராவது மாற்றினால் எந்தக் குழந்தையும் பயப்படாது. அதை அப்படியே விடலாம்.

மாடியில் வெறும் கண்ணால் கோளை எப்படி அடையாளம் காண்பது?

சிமிட்டாமல் நிலையாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் கோள். சூரியனும் நிலாவும் போகும் அதே தடத்தில்தான் இருக்கும். கொடைக்கானல் நிலநடுக்கோட்டுக்கு 10 பாகை வடக்கே மட்டும் இருப்பதால், அந்தத் தடம் இங்கே நம் உச்சந்தலைக்குப் பக்கத்திலேயே போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகத்தைத் தவிர எதையும் பார்க்க முடியாது. தை பிறந்து பங்குனி வரை வாருங்கள். விடியற்காலை கேரட் மூட்டை ஏற்றுகிறவர்களைக் கேட்டால் விடிவெள்ளி எந்த மேட்டுக்கு மேலே நிற்கிறது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள்.

குறிஞ்சி பூப்பதற்கும் வியாழனுக்கும் சம்பந்தம் உண்டா? இரண்டுக்கும் பன்னிரண்டு வருஷம் என்கிறார்களே?

காரணத் தொடர்பு கிடையாது. குறிஞ்சிச் செடி தன் உள்கணக்குப்படி பூக்கிறது. வியாழன் சூரியனை ஒரு சுற்று வர 11.86 ஆண்டு ஆகிறது. அதை வருஷத்துக்கு ஒரு ராசி என்று வைத்துத்தான் குருப்பெயர்ச்சி. வியாழனின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் ஏறக்குறைய அறுபது ஆண்டில் சேர்வதைத் தமிழ் வருஷங்களின் அறுபது சுற்றோடு பொருத்திச் சொல்வதும் உண்டு. ஆனால் குறிஞ்சியின் பன்னிரண்டும் வியாழனின் 11.86-ம் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் ஒரு வேடிக்கை கிடைக்கிறது. 2006-ல் இந்த மலைகளில் குறிஞ்சி பூத்தது. அந்த ஆகஸ்டில்தான் புளூட்டோ பதவியிழந்தது, அப்போது வியாழன் துலாத்தில் இருந்தது. 2018-ல் மறுபடி பூத்தது, வியாழன் மறுபடி துலாத்தில். அடுத்தது 2030. பகலில் பூத்த சரிவுகளைப் பார்த்துவிட்டு, இருட்டியதும் மாடிக்கு வாருங்கள். தென்மேற்கே, சிமிட்டாமல், அதே துலாத்தில் நிற்கும்.